வேர்க்கொம்பு: வீட்டில் காயவைக்கும் முறையும் குடிக்கும் அளவும்

இஞ்சியும் வேர்க்கொம்பும் (காய்ந்த இஞ்சி, அதாவது சுக்கு) ஒரே கிழங்குதான், வேலைதான் வேறு. பச்சை இஞ்சிக்கு உறைப்பைக் கொடுப்பது ஜிஞ்சரோல் என்ற பொருள். காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாவோல் என்ற பொருளாக மாறும். அது இன்னும் காரம். சத்திக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் பச்சை இஞ்சி, தடிமனுக்கு வேர்க்கொம்பு என்று எடுப்பது எங்கள் பக்க வழக்கம்.

வன்னியில் காயவைக்க மாசி, பங்குனி வெயில் தோது. கார்த்திகை, மார்கழி மழையில் தொடங்கினால் நடுவில் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். சந்தையில் நார் விழுந்த முற்றிய கிழங்காகப் பொறுக்குங்கள். நகம் பட்டதும் தோல் உரிந்தால் இளசு. காய்ந்தால் சுருங்கிச் சக்கையாகிவிடும். 1 கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிராம் தேறும்.

மண் போகக் கழுவி, ஓரிரவு ஊறவிட்டு, கரண்டி விளிம்பால் மேல்தோலை மட்டும் சுரண்டுங்கள். கத்தியால் ஆழமாகச் சீவ வேண்டாம், மணம் தரும் எண்ணெய் தோலுக்குச் சற்றுக் கீழேதான் கூடுதலாக இருக்கிறது. சுளகில் பரப்பி 7 முதல் 10 நாள் நல்ல வெயிலில் விடுங்கள். பொழுதுபட உள்ளே எடுக்காவிட்டால் பனியில் திரும்ப ஈரமாகும். ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. பூஞ்சணம் கண்ட துண்டைத் துடைத்து எடுக்காமல் எறிந்துவிடுங்கள். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

மல்லித் தண்ணி இருவருக்கு: 2 மேசைக்கரண்டி மல்லியை மணம் வர வறுத்து, சுண்டுவிரல் நுனியளவு வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, 3 கப் தண்ணீரை மெல்லிய நெருப்பில் 2 கப்பாக வற்றவிடுங்கள். வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சூட்டோடு குடிக்கலாம். வேர்க்கொம்பு கூடினால் நெஞ்செரியும்.

பச்சைச் சாறு என்றால் பிழிந்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, தெளிவை மட்டும் எடுங்கள். அடியில் படிவதை நஞ்சு என்பார்கள்; பெரும்பாலும் அது மாப்பொருள்தான். 1 தேக்கரண்டி சாற்றுக்கு அதேயளவு தேன். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

கர்ப்பகாலச் சத்திக்கு ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது நாளுக்கு 1 கிராம் தூள், அதாவது ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி. அதையும் மூன்று தடவையாகப் பிரித்து, கிளினிக்கில் சொல்லிவிட்டே எடுங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான குளிசை எடுப்பவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். இரண்டு நாளில் விடாவிட்டால் மல்லித் தண்ணியோடு வீட்டில் கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கள்.