தனி நினைவக விஎம்களில் மெமரி ஃபால்ட்: கையாளும்போது நாம் செய்யும் தவறுகள்

8 ஜிபி கொடுத்துத் தொடங்கிய ஒரு விஎம் (மெய்நிகர் இயந்திரம்), இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், அதை ஓட்டும் இயந்திரமான ஹோஸ்டில் 13 ஜிபிக்கு மேல் பிடித்துவைத்திருந்தது. விஎம்முக்குள் ஓடும் இயங்குதளமான கெஸ்ட் எந்தக் குறையும் சொல்லவில்லை. அது காட்டிய கணக்கு 8 ஜிபிக்குள்தான் இருந்தது. அதை ஓட்டியது நான் எழுதிப் பழகிக்கொண்டிருந்த சிறிய விஎம்எம், அதாவது விஎம்மை நிர்வகிக்கும் நிரல். கெஸ்ட்டுக்குள் நினைவகப் பக்கங்களை மாறி மாறிப் பகிர்வாகவும் (ஹோஸ்டும் பார்க்கலாம்) தனியாகவும் (கெஸ்ட் மட்டும்) மாற்றும் ஒரு சோதனை ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ மெமரி லீக் என்று நினைத்து மாலை முழுவதும் என் நிரலில் நினைவகம் கேட்கும் மாலாக் அழைப்பு ஒவ்வொன்றையும் துருவினேன். கோளாறு அங்கே இல்லை. கெஸ்ட் ஒரு பக்கத்தைத் தனியாக்கச் சொன்னதும் தனியாக்கிக் கொடுத்தேன். பழைய பக்கத்தை ஹோஸ்டிடம் திருப்பித் தரத்தான் மறந்திருந்தேன்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பலர் இதே பள்ளத்தில் விழுவார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி, இன்டெலின் டிடிஎக்ஸ் போன்ற ரகசிய விஎம் ஏற்பாடுகளில், கெஸ்ட்டின் நினைவகத்தை ஹோஸ்ட் பார்க்கவோ மாற்றவோ கூடாது. இதற்காக, விஎம்களை ஓட்டும் லினக்ஸ் கெர்னல் பகுதியான கேவிஎம்மில் ‘கெஸ்ட் மெம்எஃப்டி’ என்ற வசதி 6.8 பதிப்பில், 2024 மார்ச்சில் வந்தது. அதன் மேல் எஸ்என்பி ஆதரவு அதே ஆண்டு 6.11லும், டிடிஎக்ஸ் ஆதரவு 2025இல் 6.16லும் சேர்ந்தன. இதில் கெஸ்ட்டின் ஒவ்வொரு முகவரிக்கும் இரண்டு வீடுகள் இருக்கலாம். ஒன்று, விஎம்எம் வழக்கம்போல எம்மேப் செய்து (தன் முகவரிப் பரப்பில் இணைத்து) வைத்திருக்கும் பகிர்வு நினைவகம். இன்னொன்று, கெஸ்ட் மெம்எஃப்டிக்குள் இருக்கும் தனி நினைவகம். தனிப் பக்கத்தை விஎம்எம் படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. இப்போது எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, அதாவது முகவரி தனியா பகிர்வா என்பதைக் கேவிஎம் ஓர் அட்ரிபியூட் பட்டியலில் வைத்திருக்கிறது.

கெஸ்ட் ஒரு முகவரியைத் ‘தனி’ என்று நினைத்துத் தொடுகிறது; பட்டியலோ ‘பகிர்வு’ என்கிறது. கேவிஎம் தானாக முடிவெடுக்காது. விஎம்எம்மிடம் திரும்பி வந்து, “இந்த முகவரியை இப்படிக் கேட்கிறார்கள், என்ன செய்யலாம்?” என்று கேட்கும். அதுதான் மெமரி ஃபால்ட் எக்சிட் (எக்சிட் என்பது கெஸ்ட்டை நிறுத்திவிட்டு விஎம்எம்மிடம் திரும்புவது). பெயரில் ‘ஃபால்ட்’ இருப்பதால் ஏதோ பிழை நடந்துவிட்டதென்று நினைக்கிறோம். அது ஒரு கேள்வி, அவ்வளவுதான். அதற்கு அரைகுறையாகப் பதில் சொல்வதில்தான் கீழே வரும் தவறுகளில் பாதி பிறக்கிறது.

கேள்வியே காதில் விழாமல் போவது

கேவிஎம்மின் மற்ற எக்சிட்கள் எல்லாம், கெஸ்ட்டை ஓட்டும் ரன் அழைப்பு 0 திருப்பும்போது வரும். மெமரி ஃபால்ட் மட்டும் -1 உடன் வரும். விஎம்எம் எழுதும் எல்லோரும் முதலில் எழுதும் லூப் எப்படி இருக்கும்? அழைப்பு தோற்றால் எர்னோ என்ற பிழை எண்ணைப் பார்; சிக்னலால் வந்ததா, திரும்ப ஓடு; வேறு ஏதாவதா, பிழை அச்சிட்டு வெளியேறு. எக்சிட் காரணத்தைப் பிரித்துப் பார்க்கும் ஸ்விட்ச் அதற்குக் கீழேதான் இருக்கும். அதில் மெமரி ஃபால்ட்டுக்கு எவ்வளவு அழகாக கேஸ் எழுதியிருந்தாலும் நிரல் அந்த வரிக்குப் போகவே போகாது.

கையில் கிடைப்பது இப்படி இருக்கும்: திரும்பிய மதிப்பு -1, எர்னோ 14, அதாவது ‘ஈஃபால்ட்’. எக்சிட் காரணம் 39. அளவு 4096. கொடி (ஃபிளாக்) 8. இவற்றை ஒன்றாகச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். எர்னோ ஈஃபால்ட் அல்லது ஹெச்டபிள்யூ-பாய்சன், கூடவே எக்சிட் காரணமும் மெமரி ஃபால்ட் என்றால் மட்டுமே அந்த விவரங்கள் செல்லும். வேறு எர்னோ என்றால் எக்சிட் காரணத்தில் கிடப்பது முந்தைய சுற்றின் பழைய எண்ணாக இருக்கலாம். அதை நம்பி ஒரு பக்கத்தை மாற்றிவிட்டால், யாரும் கேட்காத இடத்தில் கெஸ்ட்டின் தரவு போய்விடும்.

ஹெச்டபிள்யூ-பாய்சன் வேறு விஷயம். அந்தப் பக்கத்தின் வன்பொருளே கெட்டுவிட்டது என்று பொருள். அட்ரிபியூட்டை மாற்றி மறுபடி ஓட விட்டால் அதே இடத்தில் திரும்ப வந்து நிற்கும்.

கொடியையும் தலைகீழாகப் படிப்பவர்கள் உண்டு. 8 என்பது, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது பிட். கெஸ்ட் தனி நினைவகத்தை *விரும்புகிறது* என்று அது சொல்கிறது. பக்கம் இப்போது தனியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. வேறு பிட் ஏதாவது தெரிந்தால் ஊகிக்காமல் விஎம்மை நிறுத்திவிடுவதே நல்லது.

பழைய வீட்டைக் காலி செய்யாமல் விடுவது

என் 13 ஜிபிக்குக் காரணம் இதுதான். அட்ரிபியூட்டை மாற்றினால் பட்டியல் மட்டும்தான் மாறும். பழைய வீட்டில் இருந்த பக்கம் அப்படியே கிடக்கும். தனியாக மாறினால் பகிர்வுப் பக்கத்தையும், பகிர்வாக மாறினால் கெஸ்ட் மெம்எஃப்டிக்குள் இருக்கும் பக்கத்தையும் விஎம்எம்தான் கையோடு விடுவிக்க வேண்டும்.

இந்தத் தவறு ஏன் நாள்கணக்கில் ஒளிந்திருக்கிறது தெரியுமா? சாதாரண லினக்ஸ் கெஸ்ட் இதைக் காட்டிக்கொடுக்காது. ரகசிய விஎம்முக்குள் ஓடும் லினக்ஸ், டிஎம்ஏவுக்கான (சாதனங்கள் நினைவகத்தை நேரடியாக அணுகுவதற்கான) எஸ்டபிள்யூ-ஐஓடிஎல்பி என்ற இடைநிலை பஃபருக்காகத் தன் நினைவகத்தில் ஏறக்குறைய 6 சதவீதத்தை (64 எம்பிக்குக் குறையாமல், 1 ஜிபிக்கு மிகாமல்) தொடக்கத்திலேயே பகிர்வாக்கி, கடைசிவரை அப்படியே வைத்துக்கொள்ளும். மாற்றங்கள் குறைவு, கசிவும் குறைவு. சோதனை எல்லாம் பச்சை விளக்கு காட்டும். வேண்டுமென்றே பக்கங்களை மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு கெஸ்ட் வந்தால் 8 ஜிபி விஎம் 16 ஜிபியைப் பிடிக்கும். பக்கத்தில் ஓடும் விஎம்கள் பலியாகும்.

சரி, விடுவிக்கிறோம் என்று வையுங்கள். எப்படி? பகிர்வு நினைவகம் ‘மேப்-பிரைவேட்’ கொடியோடு எடுத்த அனானிமஸ் (கோப்பில்லாத) எம்மேப் என்றால் ‘டோன்ட்-நீட்’ என்று மட்வைஸ் அழைத்தால் போதும். விஹோஸ்ட்-யூசர் போன்று வேறு புரோசஸ்களோடு பகிர்வதற்காக மெம்எஃப்டியில் (நினைவகத்தில் மட்டும் இருக்கும் கோப்பில்) வைத்திருந்தால் அது போதாது. நம் பேஜ் டேபிளிலிருந்து மட்டும் பக்கம் நீங்கும். கோப்புக்குள் அது உயிரோடு இருக்கும். அங்கே ஃபாலோகேட் அழைப்பால் ஓட்டை போட வேண்டும், அதாவது கோப்பின் அந்தப் பகுதியை மட்டும் விடுவிக்க வேண்டும். கெஸ்ட் மெம்எஃப்டிக்கும் ஓட்டைதான், ‘அளவை மாற்றாதே’ என்ற கொடியையும் சேர்த்து. அது இல்லாவிட்டால் கேவிஎம் மறுத்துவிடும். பகிர்வுப் பக்கம் ஹியூஜ்டிஎல்பியிலிருந்து எடுத்த 2 எம்பி ஹியூஜ் பேஜ் (பெரிய பக்கம்) என்றால் அதற்குள் ஒரு 4 கேபி துண்டை மட்டும் விடுவிக்க முடியாது. ஹியூஜ் பேஜுக்கு ஆசைப்பட்டால் இந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

வரிசையும் முக்கியம்: முதலில் அட்ரிபியூட், பிறகு விடுவிப்பு. தனியிலிருந்து பகிர்வுக்குப் போகும்போது முதலில் ஓட்டை போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். பட்டியல் இன்னும் ‘தனி’ என்கிறது. அந்த இடைவெளியில் இன்னொரு விசிபியு (கெஸ்ட்டின் மெய்நிகர் சிபியு) அதே முகவரியைத் தொட்டால், கேவிஎம் மறுபேச்சில்லாமல் புதிய தனிப் பக்கம் ஒன்றை ஒதுக்கிக் கொடுக்கும். எஸ்என்பியில் அந்தப் புதிய பக்கத்தை கெஸ்ட் பி-வேலிடேட் செய்திருக்காது, அதாவது தனது பக்கம் என்று உறுதிசெய்திருக்காது. உடனே கெஸ்ட்டுக்குள் விசி எக்செப்ஷன் எழும். ஹோஸ்ட் ஏதோ பக்கத்தை மாற்றி வைத்துவிட்டது என்று கெஸ்ட் சந்தேகப்படும். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். டிடிஎக்ஸிலும் கெஸ்ட் அக்செப்ட் செய்யாத பக்கம் அதற்குச் சொந்தமாகாது.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரியும்: மாற்றத்தின்போது உள்ளடக்கம் கூட வராது. பகிர்வில் எழுதியதைத் தனியில் படிக்கலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது. வேண்டிய தரவை கெஸ்ட்தான் முன்னதாக நகலெடுத்து வைக்க வேண்டும்.

பழைய சாவியோடு சுற்றுகிறவர்கள்

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே கொடியது இது. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

விஎம்எம்முக்குள் ஒரு விர்ட்ஐஓ (மெய்நிகர் சாதன) த்ரெட் ஓடுகிறது. கெஸ்ட் முகவரியை ஹோஸ்ட் முகவரியாக மாற்றி ஒரு பாயின்டரை வைத்திருக்கிறது. அதற்குள் அந்தப் பக்கம் தனியாகிவிட்டது, பகிர்வுப் பக்கத்தையும் ஒழுங்காக விடுவித்துவிட்டீர்கள். த்ரெட் இப்போது அந்தப் பாயின்டரைத் தொடுகிறது. கிராஷ் ஆகும் என்று நினைப்போம். ஆகாது. எம்மேப் அப்படியேதான் இருக்கிறது. ஹோஸ்ட் கெர்னல் பூஜ்யங்கள் நிறைந்த ஒரு புதிய பக்கத்தை வைத்துக் கொடுக்கும். படித்தால் எல்லாம் பூஜ்யம். எழுதினால் எழுத்து போய்ச் சேரும் இடத்தை கெஸ்ட் ஒருநாளும் பார்க்காது. விடுவித்த நினைவகமும் சத்தமில்லாமல் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் பாயின்டரைச் சேமித்து வைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க ஒரு வழி வேண்டும். குறைந்தது, பயன்படுத்தும் முன் அந்தப் பக்கம் இப்போதும் பகிர்வுதானா என்று பார்க்க வேண்டும்.

விஎஃப்ஐஓ வழியாக நிஜ சாதனத்தை கெஸ்ட்டுக்குக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஐஓஎம்எம்யு (சாதனங்களின் நினைவக அணுகலுக்கு முகவரி மாற்றும் வன்பொருள்) பழைய பக்கங்களை விடாமல் பிடித்து (‘பின்’ செய்து) வைத்திருக்கும். நாம் விடுவித்தாலும் அவை விடுபடாது. பிறகு அதே முகவரி பகிர்வாகத் திரும்பும்போது கெஸ்ட்டுக்குப் புதிய பக்கம் கிடைக்கும். சாதனமோ பழையதில் எழுதிக்கொண்டிருக்கும். தனியாக்கும்போது ஐஓஎம்எம்யு மேப்பிங்கை நீக்கி, பகிர்வாக்கும்போது திரும்பச் சேர்ப்பது ஒன்றே வழி.

பூட்டும் கணக்கும்

அட்ரிபியூட்டை வைக்கக் கேவிஎம்மில் அழைப்பு உண்டு. திரும்பக் கேட்டுத் தெரிந்துகொள்ள இல்லை. எந்தப் பக்கம் எந்த நிலையில் என்பதை விஎம்எம் தானே ஒரு பிட்மேப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிட்மேப், அட்ரிபியூட் அழைப்பு, விடுவிப்பு மூன்றும் ஒரே பூட்டுக்குள் (லாக்) நடக்க வேண்டும்.

பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விசிபியு ஒன்று ஒரு பக்கத்தைத் தனியாக்குகிறது. பகிர்வுப் பக்கத்தை இன்னும் விடுவிக்கவில்லை. அதற்குள் விசிபியு இரண்டு அதே பக்கத்தைப் பகிர்வாக்கி, தனிப் பக்கத்தை விடுவித்து, கெஸ்ட்டுக்குள் திரும்பிப் போய் அதில் எழுதியும்விட்டது. இப்போது விசிபியு ஒன்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பகிர்வுப் பக்கத்தை விடுவிக்கிறது. இரண்டாவது எழுதிய தரவு போயிற்று. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் வகைப் பிழை இது.

வெளிப்படையான மாற்றக் கோரிக்கைகள், அதாவது எஸ்என்பியின் பேஜ் ஸ்டேட் சேஞ்ச், டிடிஎக்ஸின் மேப்-ஜிபிஏ ஆகியவை, மெமரி ஃபால்ட்டாக வராமல் ஹைப்பர்கால் எக்சிட்டாக வரும். இரண்டு வாசலும் ஒரே ஃபங்ஷனுக்குள், ஒரே பூட்டுக்குள் போகட்டும்.

அப்புறம், ஒரே முகவரிக்கு ஒரே ஃபால்ட் திரும்பத் திரும்ப வந்தால் அதை எண்ணிப் பார்த்து நிறுத்துங்கள். மாற்றம் வெற்றி என்று நாம் நினைத்து ஓட விடுவோம், கேவிஎம் அதே கேள்வியோடு திரும்பி வரும். ஒரு கோர் முழுவதும் 100 சதவீதத்தில் சுற்றும், லாகில் ஒன்றும் இருக்காது. இந்தக் காவல் வேண்டும் என்று கேவிஎம் ஆவணமே அறிவுறுத்துகிறது.

கெஸ்ட் சொல்லும் முகவரியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. நிறுத்தவும் அவசரப்படக் கூடாது. ரேம் இல்லாத முகவரியைத் தனியாக்கச் சொன்னால் மறுக்கலாம். பகிர்வாக்கச் சொன்னால் மறுக்கக் கூடாது: டிடிஎக்ஸில் ஓவிஎம்எஃப் என்ற ஃபர்ம்வேர், சாதனங்களுக்கான பிசிஐ எம்எம்ஐஓ முகவரிப் பகுதிக்கும் இன்டரப்ட் கையாளும் ஐஓ-ஏபிக் பக்கத்துக்கும் அப்படித்தான் கேட்கும். அதைப் பிழை என்று நிறுத்தினால் விஎம் தொடங்கவே தொடங்காது. பேசாமல் வெற்றி என்று திருப்பிவிடலாம்.

வன்பொருள் இல்லாதவர்கள் சோதிக்க ‘சாஃப்ட்வேர் புரொடெக்டட்’ என்ற விஎம் வகை கேவிஎம்மில் இருக்கிறது. பாதுகாப்புக்கு உதவாது, பழகுவதற்கு மட்டும். அதில் ஒரு குறை உண்டு: ஓர் அணுகல் தனியா பகிர்வா என்பதை அது அட்ரிபியூட் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்வதால், கெஸ்ட்டும் பட்டியலும் முரண்படும் மெமரி ஃபால்ட் அங்கே எழவே எழாது. ஹைப்பர்கால் வாசலை அதில் சோதிக்கலாம். இன்னொரு வாசலுக்கு நிஜ எஸ்என்பி அல்லது டிடிஎக்ஸ் இயந்திரம் வேண்டும். கெர்னல் மூலநிரலில் கேவிஎம் செல்ஃப்டெஸ்ட்களில் தனி நினைவக மாற்றத்துக்கென்றே சோதனைகள் இருக்கின்றன. நான் முதலில் அவற்றைத்தான் படித்திருக்க வேண்டும். என் சோதனை இப்போது எட்டு விசிபியுக்களோடு இரவு முழுவதும் ஓடுகிறது. காலையில் கெஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், ஹோஸ்டில் அது எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.