பி.டி.ஓ. ஷாஃப்ட் உதறுகிறதா?

மண்ணைக் கிளறும் ரொட்டாவேட்டரை ஓட்டும்போது, டிராக்டரின் சுழற்சியை அதற்குக் கடத்தும் இந்த ஷாஃப்ட் திடீரென உதறினால், கிராஸ் (மூட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டு) போய்விட்டது என்று உடனே கடைக்கு ஓட வேண்டாம். சமீபத்தில் கிரீஸ் வைக்க ஷாஃப்டை இரண்டாகக் கழற்றினீர்களா? தப்பு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாருங்கள்: குழாயின் இரு முனைக் கவைகளும் (கிராஸைப் பிடிக்கும் Y வடிவப் பகுதிகள்) ஒரே வாக்கில் இருக்க வேண்டும். சதுரக் குழாய் கால் சுற்று மாறினாலும் உள்ளே போய்விடும். நிற்கும்போது ஒன்றும் தெரியாது, நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும்போதுதான் குணத்தைக் காட்டும். அடுத்தமுறை கழற்றும் முன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

கவை சரியா? அப்புறம் டாப் லிங்க், அதாவது கருவியை மேலே டிராக்டரோடு இணைக்கும் திருகு கம்பி. டிராக்டர் தண்டும் ரொட்டாவேட்டரின் கியர்பாக்ஸ் தண்டும் இணையாக வரும்படி திருகி வையுங்கள். அப்படியும் உதறினால் கிராஸைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் மாற்றத்தான் வேண்டும்.