கோச் வேலை காலி: பெயரைச் சொல்வதற்கு முன் நிரப்ப வேண்டிய தாள்

கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் ஒரு தலைமைக் கோச் நீக்கப்பட்ட பத்தாவது நிமிடம் ரசிகர்களிடம் பெயர்ப் பட்டியல் தயாராகிவிடும். பட்டியலில் இருப்பவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்: இந்த ஆண்டு நிறைய ஜெயித்த சிறிய கல்லூரி கோச், நம் கல்லூரியின் பழைய வீரர், என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் ஒரு முகம், கூப்பிட்டாலும் வராத ஒரு பெரிய பெயர். சண்டை அங்கே தொடங்கி அங்கேயே சுற்றும்.

பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். தலைப்பில் ஒரே கேள்வி: இவர் பெற்ற வெற்றியில் எவ்வளவு இவரோடு கிளம்பி வரும், எவ்வளவு பழைய இடத்திலேயே தங்கிவிடும்? கீழே வருவதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்.

முதலில் வேலையை எழுதுங்கள், ஆளை அல்ல

காலண்டரிலிருந்து ஆரம்பியுங்கள். பள்ளி வீரர்கள் முன்கூட்டியே கையெழுத்திடும் காலம் டிசம்பர் முதல் வாரம். வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2026 முதல் ஜனவரி 2 தொடங்கி 16 வரை ஒரே முறைதான் திறக்கும். வசந்தகாலத்தில் இருந்த இன்னொரு வாய்ப்பு போய்விட்டது. கோச் மாறிய அணிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. புதியவர் அறிவிக்கப்பட்டு 5 நாள் கழிந்ததும் அந்த அணியின் வீரர்கள் வெளியேற 15 நாள் கிடைக்கும். ஆக, நவம்பர் கடைசிக்குள் முடிவு வராவிட்டால் பள்ளி வீரர்களில் பாதிப் பேர் கைநழுவுவார்கள். ஜனவரி நடுவைத் தாண்டினால் போர்ட்டலில் மற்றவர்கள் பொறுக்கியது போக மிச்சம்தான்.

ஒருவரை முன்மொழிகிறவர் கூடவே சொல்ல வேண்டியது: அவருடைய தற்போதைய அணி எந்தத் தேதிவரை ஆடும்? தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று 2024-இல் 12 அணிகளாக விரிந்த பிறகு நல்ல அணிகள் ஜனவரியிலும் ஆடுகின்றன. 2025 நவம்பர் 30 அன்று தலைமைக் கோச் லேன் கிஃபின் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியை விட்டு எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா ஸ்டேட்) போனார், பிளேஆஃபுக்குள் நுழையவிருந்த அந்த அணியைப் பீட் கோல்டிங் ஏற்றார். கோச்சுகளின் மனசாட்சி பற்றிப் பட்டிமன்றம் நடத்தலாம்தான். ஆனால் அந்தத் தேதிக்குப் பின்னால் இருந்தது மேலே சொன்ன காலண்டர்.

அடுத்தது பணம். 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர். அணியில் 105 பேர் வரை இருக்கலாம். உங்கள் கல்லூரி உச்சவரம்பைத் தொடுகிறதா, அதில் கால்பந்துக்கு எவ்வளவு, உதவிக் கோச்சுகளின் சம்பளத்துக்கு மொத்தம் எவ்வளவு, வீரர்களைச் சேர்க்கும் பொது மேலாளரைத் தேர்ந்தெடுப்பது கோச்சா, நிர்வாகமா? இந்த நான்கையும் எழுதாமல் 'பெரிய கோச்' கேட்பது, அடுப்பும் அரிசியும் பார்க்காமல் சமையல்காரரைத் தேடுவது மாதிரி.

சாதனைப் பட்டியலை வாசிப்பது

10-3 (பத்து வெற்றி, மூன்று தோல்வி) என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. அதை இப்படிப் பிரியுங்கள்.

அவர் வருவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள், அவர் இருந்த ஒவ்வோர் ஆண்டு, அவர் போன பிறகு இரண்டு ஆண்டுகள் என மூன்று பத்தி. போன பிறகும் அணி அதே உயரத்தில் நின்றால் பெருமையில் பாதி அந்த இடத்துக்குரியது. சடசடவென்று சரிந்தால் அவர் எதையோ கையோடு கொண்டுபோயிருக்கிறார். அது என்ன என்று தேடுங்கள்.

பிறகு எஃப்.சி.எஸ். என்ற கீழ்ப் பிரிவு அணிகளுக்கு எதிரான வெற்றிகளைக் கழியுங்கள். அடுத்து, 8 புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களைத் தனியே எடுங்கள். ஒரே பருவத்தில் அவற்றில் 6-0 என்றால் மயங்க வேண்டாம், அது அடுத்த ஆண்டும் தொடர்வது அபூர்வம். தரையில் உருளும் ஃபம்பிளை (கை நழுவிய பந்தை) யார் எடுப்பது என்பதும் ஏறக்குறைய காசு சுண்டுவதுதான்; டர்னோவர் (பந்தைப் பறிப்பது, பறிகொடுப்பது) கணக்கில் உச்சியில் நிற்கும் அணியின் கோச்சுக்கு அந்த அதிர்ஷ்டத்தையும் சேர்த்தே மதிப்பெண் போட்டுவிடுகிறோம்.

பதிலாகப் பார்க்க வேண்டியது சக்சஸ் ரேட். பத்து யார்டு முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல் டவுனில் தேவையான யார்டில் 50 சதவீதம், இரண்டாவதில் 70, மூன்றாவது நான்காவதில் முழுதும் எடுத்தால் அந்த முயற்சி வெற்றி என்று எண்ணுவார்கள். ஒரு நீளமான டச்டவுன் மறைக்கும் பலவீனத்தை இது காட்டிக்கொடுக்கும். எதிரணியின் தரத்தையும் கணக்கில் எடுக்க, பில் கானலியின் எஸ்.பி. பிளஸ் தரவரிசையை ஆண்டுவாரியாக வையுங்கள். பக்கத்தில் 247 ஸ்போர்ட்ஸின் வீரர் திறன் தரவரிசை. திறனில் 60-ஆவது இடம், ஆட்டத்தில் 25-ஆவது இடம் என்று மூன்று ஆண்டு தொடர்ந்தால் அங்கே ஒரு கோச் இருக்கிறார். திறனில் 8, ஆட்டத்தில் 20 என்றால் அவர் ஆள் சேர்ப்பதில் கெட்டிக்காரர், அவ்வளவே.

ஒரே ஒரு பொற்கால ஆண்டை வைத்து ஆளை எடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஸ்காட் ஃப்ராஸ்ட் வருவதற்கு முன் யு.சி.எஃப். (சென்ட்ரல் ஃப்ளோரிடா) 2015-இல் 0-12. அவர் கையில் 2016-இல் 6-7, 2017-இல் 13-0. உடனே நெப்ராஸ்கா அவரை எடுத்தது. அங்கே தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடிய பழைய வீரர் வேறு. ஊரே ஆரத்தி எடுத்தது. அங்கே அவர் கணக்கு 16-31, நெருக்கமான ஆட்டங்களில் 5-22. இரண்டே பருவத்தின் வளைவை வைத்து ஏழு ஆண்டுக் கோட்டை வரைந்தார்கள்.

எதிர்ப் பக்கம் கர்ட் சிக்னெட்டி. இண்டியானா பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் அவரை எடுத்தபோது 'சின்ன இடத்து ஆள், வயதும் ஆகிவிட்டது' என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் பென்சில்வேனியாவின் ஐ.யு.பி., ஈலான், ஜேம்ஸ் மேடிசன் என மூன்று வெவ்வேறு இடங்களிலும் வென்றவர். ஜேம்ஸ் மேடிசனில் 52-9. அதைவிட முக்கியம், தாக்குதல், தடுப்பு என இரு பக்கத்தையும் நடத்தும் உதவிக் கோச்சுகளான கோஆர்டினேட்டர்களும் பதிமூன்று வீரர்களும் அவர் பின்னாலேயே வந்தார்கள். 2023-இல் 3-9 ஆக இருந்த இண்டியானா 2024-இல் 11-2. தாளின் தலைப்புக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை சமீபத்தில் இல்லை: பெட்டி நிறையக் கொண்டுவந்தார்.

தலைமைக் கோச்சாக இருந்திராதவர்கள்

கோஆர்டினேட்டர் என்றால் முதலில் கேளுங்கள்: பிளே கால் செய்தது, அதாவது ஒவ்வொரு முயற்சியிலும் என்ன ஆட வேண்டும் என்று தேர்வு செய்தது யார்? தலைமைக் கோச்சே தாக்குதல் ஆட்டங்களைத் தேர்வு செய்யும் அணியில் 'அஃபென்சிவ் கோஆர்டினேட்டர்' என்பது பாதிப் பட்டம்தான். அதே ஆள் வேறொரு தலைமைக் கோச்சின் கீழ், வேறொரு குவார்ட்டர்பேக்குடன் எப்படிச் செய்தார் என்று பாருங்கள்.

பட்டத்தையே முழு அளவுகோலாக்கவும் முடியாது. அலபாமாவின் கோச் நிக் சேபனிடம் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக இருந்த கர்பி ஸ்மார்ட், ஜார்ஜியாவுக்கு 2021, 2022 பருவங்களின் தேசியப் பட்டங்களை வாங்கித் தந்தார். அதே சேபனிடம் அதே பதவியில் இருந்து வந்த ஜெரமி ப்ரூயிட் டென்னசியில் மூன்று பருவத்தில் 16-19. கோஆர்டினேட்டராகவே இருந்திராத டேபோ ஸ்வின்னி, 2008-இல் கிளெம்சனின் இடைக்காலக் கோச்சாகி, பின்னாளில் இரண்டு தேசியப் பட்டங்கள் வென்றார். இப்படிப்பட்டவர்களிடம் பார்க்க வேண்டியது, யாரை வேலைக்கு எடுப்பார்கள் என்பது. உதவிக் கோச்சுகளாக வரத் தயாராக உள்ள ஐந்து பேரின் பெயரை ஊகிக்க முடியவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.

என்.எஃப்.எல். பெயர்களுக்குத் தனியாக ஒரு வெட்டு. அங்கே டிராஃப்டும் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) சம்பள வரம்பும் திறமையைப் பங்கிட்டுத் தரும். இங்கே 17 வயதுப் பையன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து ஆளைப் பிடிக்க வேண்டும், ஆண்டுதோறும் பிடித்தவரைத் தக்கவைக்கவும் வேண்டும். ஆறு சூப்பர் பௌல் வென்ற பில் பெலிசிக், வட கரோலினாவில் முதல் பருவமான 2025-இல் 4-8.

பைஅவுட் கணக்கு

பைஅவுட் என்பது ஒப்பந்தக் காலத்துக்கு முன் பிரிந்தால் தர வேண்டிய தொகை. ரசிகர் விவாதத்தில் அரைகுறையாக நடப்பது இந்தக் கணக்குதான். நான்கு தொகைகளைக் கூட்டுங்கள்: போகிறவருக்குத் தர வேண்டியது, வருகிறவரின் பழைய கல்லூரிக்குக் கட்ட வேண்டியது, புதியவரின் மொத்தச் சம்பளம், உதவிக் கோச்சுகளின் பட்டியல். அரசுப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பொது ஆவணங்கள், கேட்டு வாங்கலாம். நோட்ர டேம், யு.எஸ்.சி. போன்ற தனியார் கல்லூரிகள் அப்படி வெளியிட வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் நேராக மூன்று இடங்களுக்குப் போங்கள். ஒன்று, காரணமின்றி நீக்கினால் எவ்வளவு. இரண்டு, அந்தத் தொகை எந்தத் தேதியில் குறைகிறது. ஃப்ராஸ்டை 2022 அக்டோபர் 1 வரை வைத்திருந்தால் பைஅவுட் 1.5 கோடியிலிருந்து 75 லட்சமாகச் சரிந்திருக்கும். நெப்ராஸ்கா செப்டம்பர் 11-ஆம் தேதியே அனுப்பிவிட்டது. மூன்று, அவர் வேறு வேலைக்குப் போனால் அந்தச் சம்பளம் கழிக்கப்படுமா. இந்தக் கழிவு இருந்தால் தலைப்புச் செய்தியின் தொகையும் உண்மையில் செலவாகும் தொகையும் வேறு. 2025-இல் பென் ஸ்டேட் நீக்கிய ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினுக்குப் பாக்கி சுமார் 4.9 கோடி டாலர் என்று பேச்சு. வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தபோது 90 லட்சத்தில் கணக்கு முடிந்தது. டெக்சஸ் ஏ அண்ட் எம் ஜிம்போ ஃபிஷரை 2023 நவம்பரில் நீக்கியபோது அந்த ஆறுதல் இல்லை: 7.6 கோடிக்கு மேல். காரணம், 2017-இல் போட்ட பத்தாண்டு ஒப்பந்தத்தை 2021-இல் இன்னும் நீட்டியது. நல்ல பருவம் முடிந்த மகிழ்ச்சியில் கொடுக்கும் நீட்டிப்பைப் போல விலையுயர்ந்த பொருள் இந்த விளையாட்டில் இல்லை.

ஒரு இடம் காலியானால் பல இடம் காலியாகும் என்பதையும் மறக்காதீர்கள். 2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வு பெற்றார். அலபாமா வாஷிங்டனிலிருந்து கேலன் டிபோரை எடுத்தது, வாஷிங்டன் அரிசோனாவிலிருந்து ஜெட் ஃபிஷ்ஷை, அரிசோனா சான் ஹோசே ஸ்டேட்டிலிருந்து ப்ரென்ட் ப்ரெனனை. உங்களைவிடப் பெரிய இடம் ஏதாவது காலியாக இருந்தால் உங்கள் முதல் மூன்று பெயர்களும் அவர்களுடைய பட்டியலிலும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது பெயரைத்தான் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வதந்தியைச் சலிப்பது

'பெரிய இடத்துக்கு அழைப்பு' என்ற செய்தி வந்த வாரமே அந்தக் கோச்சுக்குச் சம்பள உயர்வு கிடைத்ததா என்று பாருங்கள். முன்பும் இப்படி இரண்டு முறை நடந்திருந்தால் இது ஏஜெண்ட் போட்ட தூண்டில். விமானத் தடம் பார்த்து ஊகிப்பது பொழுதுபோக்கு. நன்கொடையாளரின் விமானம் எங்கே இறங்கியது என்பது சாட்சியம் ஆகாது. மறுப்பும் அப்படித்தான். 2006 டிசம்பரில் அலபாமா வேலையைத் தெளிவாக மறுத்த சேபன், 2007 ஜனவரியின் தொடக்கத்தில் அங்கேயே சேர்ந்தார்.

பின்னணியைப் பொறுத்தவரை, என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) தீர்ப்பு, நீதிமன்றப் பதிவு, வெறும் பேச்சு மூன்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். பதிவில் இருப்பதை எழுதலாம், பேச்சைத் தாளில் ஏற்றாதீர்கள். சுயவிவரத்தை மட்டும் யாரும் சரிபார்க்கலாம்: 2001-இல் ஜார்ஜ் ஓ'லியரி நோட்ர டேமில் ஐந்தே நாளில் விலகினார். பெற்றிராத முதுகலைப் பட்டமும், கல்லூரி நாட்களில் ஆடியிராத ஆட்டமும் அவர் விவரக் குறிப்பில் இருந்தன.

விவாதத்தை நடத்துவது

முதல் சுற்றில் பெயர்களை மறையுங்கள். 'அ', 'ஆ', 'இ' என்று எழுதி எண்களை மட்டும் காட்டி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பெயரைத் திறக்கும்போது பாதிப் பேர் தங்கள் வரிசையைப் பார்த்துத் தாங்களே விழிப்பார்கள். ஆளுக்கு மூன்று பெயர், அதில் ஒருவராவது உண்மையில் வரக்கூடியவர். 'வேண்டாம்' என்பவர் மாற்றுப் பெயரும் விலையும் சொல்லியாக வேண்டும். டென்னசியில் 2017 நவம்பரில் ரசிகர் எதிர்ப்பு கிரெக் ஷியானோவின் நியமனத்தை ஒரே நாளில் முறித்தது. அந்த வாரத்திலேயே விளையாட்டுத் துறை இயக்குநரின் நாற்காலியும் போனது. அடுத்துத் தலைமைக் கோச்சாக வந்தவர்தான் மேலே சொன்ன ப்ரூயிட். 2021 ஜனவரியில் வீரர் சேர்ப்பு விதிமீறல்களுக்காக நீக்கப்பட்டார்.

முடிவு வந்ததும் தாளைக் கிழிக்காதீர்கள். முதல் பத்து நாளில் மூன்றைக் குறியுங்கள்: கோஆர்டினேட்டர்கள் யார், இருப்பவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள், கூட வந்தவர்கள் யார். முதல் பருவத்தை வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம். டியான் சாண்டர்ஸ் கொலராடோவில் 2023-இல் 4-8, 2024-இல் 9-4. முதல் டிசம்பரில் எழுதிய தீர்ப்பு இரண்டாவது டிசம்பரில் செல்லவில்லை. தாளின் கீழ் மூலையில் புதியவரின் பைஅவுட் எந்தத் தேதியில் எவ்வளவு குறைகிறது என்று எழுதி வையுங்கள்.