1803 வன்னி எழுச்சி: காரணங்களை எழுதும் முறை

கொப்பியில் குறுக்கே ஒரு கோடு கீறி 1782, 1796, 1803 என மூன்று ஆண்டுகளைக் குறியுங்கள். "வரி" என்ற ஒரே சொல்லோடு முடித்தால் புள்ளி குறையும்.

நீண்டகாலக் காரணத்திலிருந்து தொடங்குங்கள். வன்னியர்கள் எனப்பட்ட வன்னிச் சிற்றரசர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்துவிட்டுத் தங்கள் நிலத்தைத் தாங்களே ஆண்டவர்கள். 1782இல் ஒல்லாந்தர் படை அனுப்பி அந்தத் தன்னாட்சியை ஒடுக்கினார்கள். 1796இல் வந்த ஆங்கிலேயரும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. உடனடிக் காரணத்தைத் தனியாக எழுதுங்கள்: 1803 யூனில் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான்.

பிள்ளைகள் வழுக்குவது பண்டாரவன்னியன் தோற்ற இடமான கச்சிலைமடுவில். ஒக்டோபர் 31இல் அவன் தோற்கடிக்கப்பட்டான் என்றுதான் அங்கே நாட்டப்பட்ட கல் சொல்கிறது. கொல்லப்பட்டான் என்று எழுதிவிடாதீர்கள்.