தோட்டப்புற நகரில் மாணவியர் சகோதரி மன்றம்: கிளை வரலாற்றை எழுதும் முறையும் தொண்டை நடத்தும் முறையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தில், பல இன மாணவியர் சேர்ந்து நடத்தும் கல்லூரி மன்றக் கிளைக்குச் செயலாளராக வரும் பெண்ணிடம் இரண்டு வேலைகள் ஒப்படைக்கப்படும். ஒன்று கிளையின் வரலாற்றை எழுதுவது. மற்றொன்று அவ்வாண்டின் சமூகத் தொண்டைத் திட்டமிடுவது. இவ்விரண்டையும் தனித்தனிக் கோப்புகளில் வைக்கக் கூடாது என்பது அப்பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்த என் உறுதியான கருத்து. எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்), யாருக்காக, யார் யார் சேர்ந்து என்ன செய்தார்கள் என்னும் பதிவே கிளையின் வரலாறு. தலைவியரின் பெயர்ப்பட்டியலைப் பின்னிணைப்பில் வைத்தால் போதும்.

வரலாற்றின் முதல் பக்கத்தில் இந்த மரபு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோரோரிட்டி எனப்படும் மாணவியர் சகோதரி மன்றம் அமெரிக்கக் கல்லூரிகளில் வளர்ந்தது. கறுப்பின மாணவியர் தங்களுக்கென முதன்முதலாக 1908இல் வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா மன்றத்தைத் தொடங்கினர். எல்லா இனத்தவரையும் ஒரே மன்றத்தில் சேர்க்கும் நோக்கத்தோடு 1981இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மியூ சிக்மா அப்சிலான் உருவானது. நம் நாட்டில் இத்தகைய மன்றம் கல்லூரியின் மாணவர் விவகாரப் பிரிவு அனுமதிக்கும் கழகமாகவே இயங்க முடியும். பட்டம் பெற்றவர்கள் வெளியே தனியாகச் செயல்பட விரும்பினால், 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி சங்கப் பதிவிலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, கிளை பிறந்த ஊரைப் பற்றி எழுத வேண்டும். இதற்கு முன்னாள் உறுப்பினர்களின் தாய்மாரையும் பாட்டிமாரையும் நேரில் சந்தித்துப் பேசுவதே சிறந்த வழி. பால்மரம் வெட்டியவர்களும், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்களும், செம்பனை என்னும் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் உழைத்தவர்களும் வேலை முடிந்து குளித்துச் சற்று ஓய்ந்திருக்கும் மாலை நான்கு மணிக்குப் பிறகு செல்ல வேண்டும். ஆண்டைக் கேட்டால் பலரால் சொல்ல இயலாது. நிகழ்ச்சியைச் சொல்லிக் கேட்டால் ஆண்டு தானே வரும். தமிழ்ப் பாட்டியிடம், பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடலுக்கு முன்பா பின்பா என்றும், 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமான காலத்தில் எங்கே இருந்தீர்கள் என்றும் கேளுங்கள். சீனப் பாட்டியிடம், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலத்தில், வேலியிட்ட புதுக்கிராமத்துக்குக் குடிபெயர்த்த கதையைக் கேளுங்கள். ஒரு முறை ஒரு பாட்டி பிஸ்கட் டின்னைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியிருந்த தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கப் பங்குச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். துண்டாடலால் தோட்ட மக்கள் வீதிக்கு வராமலிருக்க, தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்தே தோட்டங்களை வாங்குவதற்காகத் அப்போது இந்தியர் காங்கிரஸ் கட்சித் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது. உடன் வந்திருந்த மலாய்த் தோழி அந்தத் தாளின் மடிப்புகளை விரலால் நீவிவிட்டபடி, இதைப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தரவே இல்லையே என்றாள். நேர்காணலுக்கு வேற்றின உறுப்பினர் ஒருவரையேனும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பழைய புகைப்படம் கிடைத்தால் அங்கேயே கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, மூலப்படத்தை வீட்டாரிடமே விட்டுவிடுங்கள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை முன்னால் நிற்கும் பெண்களின் பெயர்களை இடமிருந்து வலமாக அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இனித் தொண்டு. நாங்கள் முதல் ஆண்டில் அரிசிப் பைகளைக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவரோடும் நின்று படமெடுத்தோம். ஓர் அம்மா பையை வாங்கும்போது முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றோடு பெறுபவரைப் படமெடுக்கும் வழக்கத்தை நிறுத்தினோம்; நீங்கள் அதைத் தொடங்கவே வேண்டாம். எதைச் செய்வது என்பதையும் மன்றக் கூட்டத்தில் முடிவு செய்யாமல், வீடு வீடாகச் சென்று கேட்டறிய வேண்டும். கோத்தோங் ரோயோங் எனப்படும் கூட்டுத் துப்புரவுப் பணி, இரத்த தான முகாம், எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வு எழுதும் மாணவருக்கான வகுப்பு ஆகியவை எல்லாமே நல்லவை, நடத்துவதும் எளிது. ஆனால் மக்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் உதவி பெரும்பாலும் பத்திரங்களைப் பற்றியதாகவே இருக்கும்.

பிள்ளை பிறந்து 60 நாள்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், 12 வயதில் மைகார்டு என்னும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்பவை தெரிந்த வீடுகளிலும் ஒரு சிக்கல் மறைந்திருக்கும். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து, முஸ்லிம் அல்லாதோர் கோவிலில் தாலி கட்டினாலும் திருமணத்தைச் சட்டப்படி பதிவுசெய்தாக வேண்டும். பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தே அமைவதால், தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்தால், தகப்பனிடம் குடிமகனுக்குரிய நீல ஐசி (அடையாள அட்டை) இருந்தும் பிள்ளை நாடற்றவராக நிற்க நேர்கிறது. ஆகவே திருமணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், தாயின் ஐசி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்பதை ஒவ்வொரு வீட்டிலும் மென்மையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் முழுப் பெயரை எழுதாமல் வீட்டு எண்ணை மட்டும் எழுதி, அதைச் செயலாளர் பூட்டி வைக்க வேண்டும். பத்திரங்களின் மூலப்படியை ஒருபோதும் கையில் வாங்காதீர்கள். தேசியப் பதிவிலாகாவுக்கு அவர்களே வரட்டும். மலாய் மொழியில் படிவம் நிரப்பவும் முகப்பில் பேசவும் தேர்ந்த உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். தீர்ப்பு வேண்டிய சிக்கலைச் சட்ட உதவி மையத்திடம் ஒப்படையுங்கள், நீங்களே வாக்குறுதி தராதீர்கள்.

நாள் குறிக்கும்போது நோன்பு மாதம், தைப்பூசம், சீனர்கள் முன்னோர் கல்லறைகளை வழிபடும் செங் பெங் ஆகியவற்றை முதலில் நாள்காட்டியில் வட்டமிட்டுவிடுங்கள். பொது உணவுக்கு ஹலால் கடையில் வாங்கிய சைவச் சாப்பாடு எல்லோருக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு முறை திரும்பியதும், அன்றிரவே வரலாற்றுக் குறிப்பேட்டில் தேதி, இடம், வந்த உறுப்பினர்கள், முடிந்த வேலை, முடியாத வேலை ஆகியவற்றை எழுதுங்கள். முடியாதவற்றை மறைக்காதீர்கள். ஒரு குடியுரிமை விண்ணப்பத்துக்கு விடை வர ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் விண்ணப்பத்துக்கு உதவிய மாணவி பட்டம் பெற்றுப் போயிருப்பாள். எனவே பொறுப்பை மாற்றும்போது, புதிய செயலாளரை அந்தந்த வீட்டுக்கு நேரில் அழைத்துச் சென்று, இனி இவளிடம் கேளுங்கள் அம்மா என்று சொல்லி அறிமுகப்படுத்திய பிறகே குறிப்பேட்டை அவள் கையில் கொடுங்கள்.