ஏஎஸ்/400 பச்சைத் திரையை மாற்றும்போது சாவியைக் கையில் வைத்துக்கொள்வது எப்படி?

1988-இல் ஐபிஎம் வெளியிட்ட ஏஎஸ்/400 கணினியின் வழிவந்த ஐபிஎம் ஐ இயங்குதளம், இன்று பல நிறுவனங்களின் கிடங்குக் கணக்கைச் சுமக்கிறது. நிரல் உறுதியாகவே ஓடும். 24 வரி, 80 எழுத்துப் பச்சைத் திரைதான் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களை மிரட்டுகிறது. அதை மாற்றப் போய், கருவி விற்றவரிடம் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

முதலில் கணக்கெடுங்கள். டிஸ்ப்ளே புரோகிராம் ரெஃபரன்சஸ் கட்டளையின் விடையைக் கோப்பில் இறக்கினால், எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று தெரியும். டிஸ்ப்ளே ஆப்ஜெக்ட் டிஸ்கிரிப்ஷன் கட்டளை, கடைசியாகப் பயன்படுத்திய தேதியைத் தரும். 14 மாதமாக யாரும் திறக்காத திரையை விட்டுவிடுங்கள். 12 மாதம் என்று வைத்தால் ஆண்டு இறுதித் திரைகள் தவறிப்போகலாம்.

விரைவான வழி, திரைக்கு மேல்பூச்சு. பச்சைத் திரைக்குப் போகும் 5250 என்ற தரவோட்டத்தைக் கருவி பிடித்து வலைப்பக்கமாக வரையும். நிரலில் கை வைக்க வேண்டாம். ஆனால் இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்பதை வைத்தே திரையை அடையாளம் காண்கின்றன. நிரலாளர் தலைப்பை இரண்டு கட்டம் நகர்த்தினால் பக்கம் குலைந்துவிடும். நீங்கள் வரைந்த பக்கங்களும் விற்பவரின் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கப்படும். மூலநிரல் தொலைந்த நிரல்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். 2010-இல் ஐபிஎம் ஐ 7.1 பதிப்போடு வந்த ஓப்பன் ஆக்சஸ், திரைக்குப் போகும் தரவை ஹேண்ட்லர் என்ற இடைநிரலிடம் நேரே கொடுக்கிறது; இது மேல்பூச்சைவிட நேர்த்தியானது. ஆனால் ஹேண்ட்லர் நிரல் விற்பவருடையது என்றால் கட்டு இன்னும் இறுகும்.

நிலைக்கக்கூடிய வழி, வணிக விதிகளைத் திரையிலிருந்து பிரிப்பது. இந்தக் கணினியின் வழக்கமான நிரல்மொழியான ஆர்பிஜியின் பழைய நிரல்களில் எக்ஸ்எஃப்எம்டி கட்டளை திரையைக் காட்டிவிட்டு விடைக்குக் காத்திருக்கும். அதன் கீழேயே சரிபார்ப்பு, விலைக் கணக்கு, இருப்புக் குறைப்பு எல்லாம் கலந்து கிடக்கும். பிழையை 01 முதல் 99 வரையான இண்டிகேட்டர்கள் (ஆன்/ஆஃப் கொடிகள்) சொல்லும். ஒவ்வொரு விதியையும், பல நிரல்கள் பகிர்ந்து அழைக்கும் சர்வீஸ் புரோகிராமில் தனி புரொசீஜராக்குங்கள். இண்டிகேட்டருக்குப் பதிலாகப் பிழைக் குறியீட்டைத் திருப்பி அனுப்பட்டும். பழைய பச்சைத் திரையே முதலில் அதை அழைக்கட்டும். ஒரு மாத முடிவு கணக்குச் சரியாக வந்த பிறகு, அதை எஸ்க்யூஎல் ஸ்டோர்டு புரொசீஜராக வெளியே காட்டுங்கள். ஜாவாவோ நோடோ, முன்பக்கத்தில் எதை வைத்தாலும், பிடிக்காதபோது கழற்றிவிடலாம்.

இதிலும் இடறும் இடங்கள் உண்டு. திருத்துவதற்காகப் படித்த பதிவைப் பச்சைத் திரை பூட்டியே வைக்கும்; அடுத்தவர் இயல்பமைப்பில் 60 விநாடி காத்திருந்து பிழை வாங்குவார். வலையில் அப்படிப் பூட்ட முடியாது. பதிவு கடைசியாக மாறிய நேரத்தைக் குறிக்கும் ரோ சேஞ்ச் டைம்ஸ்டாம்ப் புலம் ஒன்றைக் கோப்பில் சேர்த்து, எழுதும்போது அது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்தவுடன் கோப்பின் அமைப்பு மாறிவிட்டது என்பதால், பழைய நிரல்கள் சிபிஎஃப்4131 என்ற பிழையோடு அதைத் திறக்க மறுக்கும். கோப்புக்கு வேறு பெயர் வைத்து, பழைய பெயரிலும் பழைய ஃபார்மேட் பெயரிலும் பழைய புலங்களோடு ஒரு லாஜிக்கல் கோப்பை (அதே தரவைக் காட்டும் பார்வைக் கோப்பை) உருவாக்கினால், அவற்றை மீண்டும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை.

தமிழ்ப் பெயர்களைச் சேமிக்க, ஆங்கில எழுத்துகளுக்கான சிசிஎஸ்ஐடி (எழுத்துக் குறியீட்டு எண்) 37 உதவாது. அந்தப் புலங்களை யூனிகோடான 1200-க்கு மாற்றுங்கள். விசைப்பலகையையும் மறக்க வேண்டாம். எஃப்3, எஃப்12, ஃபீல்டு எக்ஸிட் என்று பழகிய விரல்களிடம் மவுஸைக் கொடுத்தால் பதிவு வேகம் குறையும், திட்டத்தின் மேல் பழியும் விழும்.

கருவி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கையெழுத்துக்கு முன் சோதனைக் கணினியில் விற்பவரின் லைப்ரரியை, கணினி நிரல்களைத் தேடும் லைப்ரரி பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு எது ஓடுகிறது என்று பாருங்கள். டிஸ்ப்ளே புரோகிராம் கட்டளையில் சர்வீஸ் புரோகிராம் பட்டியலைக் கேட்டால், உங்கள் நிரலில் அவருடையது எத்தனை பிணைந்திருக்கிறது என்பதும் தெரியும். உரிமச் சாவி இயந்திரத்தின் சீரியல் எண்ணோடு கட்டப்பட்டிருந்தால், இயந்திரம் மாற்றும்போதும் பேரிடர் மையத்தில் ஓட்டும்போதும் புதுச் சாவி எத்தனை மணி நேரத்தில், என்ன விலைக்கு வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.