ஸ்கி பூட்ஸை வாசலில் மாட்டாதீர்கள்: பனிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் செருப்பு முகப்பைத் தாண்டி உள்ளே வராது. படியிறங்கி, வாசலில் காலை நுழைத்துக்கொண்டு கிளம்புவதுதான் நம் பழக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகிறவர்களும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு அங்குள்ள பனிமலைக்குப் போகிறவர்களும் இதே பழக்கத்தில், ஸ்கி என்ற பனிச்சறுக்குப் பலகையில் பூட்டும் ஸ்கி பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பனியில் நின்றபடி மாட்டப் பார்க்கிறார்கள். அன்றைய நாள் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஸ்கி பூட்ஸின் வெளி ஓடு கெட்டியான பிளாஸ்டிக். இதை ஷெல் என்பார்கள். உள்ளே மெத்தென்ற லைனர் தனியாக இருக்கும். அறையின் சூட்டில் ஷெல்லின் வாய் கையால் இழுத்தால் விரியும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதே பிளாஸ்டிக் விறைத்து, இழுத்தாலும் விரியாது. கால் நுழையவில்லை என்று பலங்கொண்டு அமுக்கும்போது லைனரின் நாக்கு ஒரு பக்கம் மடங்கிக்கொள்ளும். அந்த மடிப்பு பகல் முழுக்கக் கணுக்கால் எலும்பை அறுக்கும். நின்றபடி மாட்டினால் இன்னொரு ஆபத்தும் உண்டு: தடுமாறி ஒரு காலைப் பனியில் ஊன்றினால் சாக்ஸ் நனையும். நனைந்த சாக்ஸ் ஷெல்லுக்குள் காயாது. விரல்கள் சில்லிட்டு மரத்துப்போகும்.

ஆகவே இடத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: சூடு, ஈரமில்லாத தரை, உட்கார ஒரு பெஞ்ச். இவற்றோடு, சறுக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆல்ப்ஸ் பக்கத்து ஓட்டல்களில் பூட்ஸைச் சூடேற்றி வைக்கும் ஸ்கி ரூம் உண்டு. அமெரிக்க மலைகளில், சறுக்குகிறவர்களை மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்ட்டின் அடிவாரத்திலேயே லாட்ஜ் என்ற பெரிய கூடம் இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு, பையை லாக்கரில் வைத்துவிடலாம். குல்மார்க்கில் ஓட்டல், கொண்டோலா என்ற கேபிள் கார் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் இருந்தால் ஓட்டலின் கீழ்த்தளத்திலேயே மாட்டிக்கொள்ளலாம். தூரமென்றால் பூட்ஸை வாடகைக்கு எடுத்த கடையில் உட்கார்ந்து மாட்டுங்கள். கொண்டோலா கேபினுக்குள் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஆறு பேர் முழங்கால் இடிக்க உட்காரும் இடத்தில் குனியவே முடியாது. அதற்குள் மேலே உள்ள முதல் நிலையமான கோங்டூரி வந்துவிடும்.

நேர்மாறான தவறு, மாடியில் படுக்கையறையிலேயே மாட்டிக்கொண்டு இறங்குவது. இந்த பூட்ஸில் கணுக்கால் மடங்காது. உடல் முன்பக்கம் சாய்ந்தே நிற்கும். ஆத்தங்குடிக் கல் போன்ற வழவழத் தரையில் ஈரத்தோடு இதைப் போட்டு நடந்தால் கால் சறுக்கிக்கொண்டு போகும். வேறு வழியில்லை என்றால் பூட்ஸை இறுக்கும் கொக்கிகளான பக்கிள்களில் மேலே உள்ளவற்றைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பற்றி, குதிகாலை முதலில் ஊன்றி இறங்குங்கள். வண்டி ஓட்டுகிறவர் ஸ்கி பூட்ஸோடு ஸ்டியரிங்கில் உட்காரவே கூடாது. பிரேக்கில் கால் இருக்கிறதா இல்லையா என்பதே பாதத்துக்குத் தெரியாது.

கார் நிறுத்தும் இடத்தில்தான் மாட்டியாக வேண்டும் என்ற நிலை சில மலைகளில் வரும். அப்போது வரும் வழியிலேயே பூட்ஸை டிக்கியில் போடாமல், முன் இருக்கையின் காலடியில், ஹீட்டர் காற்று படும்படி வையுங்கள். ஊரிலிருந்து ரப்பர் மிதியடி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனால் அதன்மேல் கால் வைத்து, கார் இருக்கையில் உட்கார்ந்தே மாட்டலாம்.

அளவில் நடக்கும் தவறு

எங்கே மாட்டுவது என்ற கேள்விக்கு முன்னால், எதை மாட்டுகிறோம் என்பது சரியாக இருக்க வேண்டும். ஸ்கி பூட்ஸின் அளவு பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்று கடையில் சொன்னால் குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துத் தருவார்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே அளந்துவிடலாம். சாயங்காலம், சுவரில் குதிகால் ஒட்டும்படி நின்று, நீளமான விரலின் நுனிவரை அளக்கவும். இரண்டு காலையும் அளந்து பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். 26.3 வந்தால் 26.5 கேளுங்கள். காலமெல்லாம் செருப்பில் பழகிய பாதம் விரல் பக்கம் அகன்றிருக்கும். அகலமான ஷெல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஷெல்லின் உள் அகலம் 102 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அகலமானது.

போட்டதும் விரல் நுனி முன்னால் இடிக்கும். உடனே பெரிய அளவைக் கேட்பதுதான் அநேகம் பேர் செய்யும் தவறு. நிமிர்ந்து நிற்கையில் நுனி லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்ததும் பாதம் பின்வாங்கி விரல் விடுபட வேண்டும். அதுவே சரியான அளவு. பெரியதை எடுத்தால் குதிகால் உள்ளே தூக்கும். அதைப் பிடிக்கப் பக்கிளை இறுக்குவோம். ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் மரத்துப்போகும். குளிரால் மரத்தது என்று நினைத்து இன்னொரு சாக்ஸ் போடுவோம். இறுக்கம் இன்னும் கூடும். இந்தச் சுற்றில் ஒருமுறை விழுந்தால் அன்று முழுக்க மீள முடியாது.

சாக்ஸ் ஒரு ஜோடிதான், மெல்லியது, முழங்கால்வரை நீண்டது, பருத்தி கூடாது. தெர்மல் பேன்ட்டின் நுனியை பூட்ஸுக்குள் செருகாமல் மேலே இழுத்துவிடுங்கள். ஷெல்லுக்குள் கால், சாக்ஸ் இரண்டைத் தவிர எதுவும் போகக் கூடாது. பெண்கள் மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிட வேண்டும். மெட்டி கழற்றுவதற்கு மனம் ஒப்பாதவர்கள் உண்டு. ஆனாலும் கெட்டி ஓட்டுக்குள் பக்கத்து விரலை அது வெட்டிவிடும். காலில் கட்டிய கறுப்புக் கயிறும் அப்படித்தான்.

குல்மார்க்குக்குக் கீழே உள்ள டங்மார்க்கில் கோட்டோடு சேர்த்து வாடகைக்குத் தரும் ரப்பர் கம்பூட் பனியில் நடக்க மட்டுமே. அது ஸ்கியில் மாட்டாது.

கடையில் பூட்ஸை முதலில் முடிவு செய்த பிறகே ஸ்கியை எடுக்க வேண்டும். பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங், அடிப்பாகத்தின் நீளத்துக்கும் உங்கள் எடை, உயரம், வயது, பழக்கம் ஆகியவற்றுக்கும் ஏற்பத் திருகி வைக்கப்படுவது. நீளம் குதிகால் பக்கம் 305 என்பதுபோல மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். பிறகு பூட்ஸை மாற்றினால் பைண்டிங்கையும் மறுபடி சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விழும்போது கழன்றுகொள்ள வேண்டிய ஸ்கி கழலாமல் முழங்காலைத் திருகிவிடும்.

மாட்டும் முறை

எல்லாப் பக்கிளையும் திறந்து, ஷெல்லின் இரு மடல்களையும் வெளிப்பக்கம் விரித்து, நாக்கை முன்னுக்கு இழுத்துக் காலை இறக்குங்கள். நாக்கு நடுவில் இருக்கட்டும். குதிகாலைத் தரையில் நாலு முறை தட்டுங்கள். மேல் இரண்டு பக்கிளை லேசாக மாட்டி, முழங்காலை முன்னால் பத்து முறை அழுத்துங்கள். குதிகால் பின்னால் போய் உட்காரும். அதன் பிறகே கீழ்ப் பக்கிள்கள், அதுவும் ஒரு விரலால் மூடுகிற அளவுக்கு மட்டும். கடைசியாக மேல் பக்கிள்களை இன்னொரு பல் இறுக்கி, உச்சியில் உள்ள பட்டையைக் கட்டவும். மேலே போடும் ஸ்கி பேன்ட்டின் உள்மடிப்பு ஷெல்லுக்கு வெளியே தொங்க வேண்டும். ஸ்கியில் ஏறுமுன் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிடுங்கள். கட்டியான பனி இருந்தால் பைண்டிங் சரியாகப் பூட்டாது.

ஸ்னோபோர்டு பூட்ஸ் இவ்வளவு படுத்தாது. மிருதுவானது, நடக்கலாம், அறையிலேயே மாட்டிக்கொண்டு வரலாம். உள் லைனரின் கயிற்றை முதலில் இறுக்கிய பிறகே வெளிக் கயிறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கழற்றுவதும் உள்ளேதான். குல்மார்க் அறைகளில் கணகணவென்று எரியும் புகாரி அடுப்பைப் பார்த்ததும் பூட்ஸை அதன் பக்கத்தில் சாய்த்துவைக்கத் தோன்றும். வேண்டாம், லைனரின் நுரை சுருங்கும், ஷெல் கோணும். லைனரை வெளியே உருவி, அறையின் சாதாரணச் சூட்டில், அடுப்பிலிருந்து தள்ளி நிறுத்திவையுங்கள். காலையில் திரும்ப நுழைக்கும்போது லைனரின் குதிகால் முழுதாக அடிவரை இறங்கியிருக்கிறதா என்று கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.